சம்பளச் சீட்டிலிருந்து சந்தை வரை: தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொருளியல் குறிப்புகள்

நான்காம் படிவத்தில் பொருளியல் எடுத்த பிள்ளைகள் பலரும் தேவை, அளிப்பு என்று இரண்டு கோடுகளைக் குறுக்கே போட்டு, மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போகிறார்கள். அந்தக் கோடுகள் தங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடுகின்றன என்று அவர்களுக்குக் காட்ட ஆளில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். ராசா, பத்தாங் காலி, புக்கிட் தாகார் தொடங்கி பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோல சிலாங்கூர் வரை பரந்து கிடக்கும் தோட்டங்களில் வாழ்ந்தவர்களைப்போல உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை உடம்பால் உணர்ந்தவர்கள் குறைவு. மலாயாவில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டதே இந்த வட்டாரத்தில்தான். 1917ஆம் ஆண்டு, அன்றைய பத்தாங் பெர்ஜுந்தையில் இருந்த தென்னமரம் தோட்டத்தில், ஆன்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். அன்று முதல் இங்கே ஒரு வீட்டில் உலை கொதிப்பதற்கும் ஐரோப்பாவில் ஒரு சோப்புத் தொழிற்சாலை ஓடுவதற்கும் தொடர்பு உண்டு.

கீழே உள்ளவை மாணவர்களுக்காக எழுதியவை. பெற்றோரோடு உட்கார்ந்து, கையில் பேனாவும் கணக்குப்பொறியும் வைத்துக்கொண்டு படித்தால் கூடுதல் பயன் உண்டு.

1. அப்பா அல்லது அம்மாவின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மேலே இருப்பது மொத்தச் சம்பளம், கீழே இருப்பது கைக்கு வரும் சம்பளம். இடையில் உள்ள வரிகளில்தான் பாடம் இருக்கிறது. 1951இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதிக்கு (இ.பி.எஃப்.) தொழிலாளி 11 விழுக்காடு செலுத்துகிறார். மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேல் போகாதவருக்கு முதலாளி 13 விழுக்காடு செலுத்த வேண்டும். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 187 வெள்ளி, முதலாளியின் பங்கு 221 வெள்ளி, ஆகமொத்தம் 408 வெள்ளி. அந்த 221 வெள்ளியைப் பலர் முதலாளி போடும் தருமமாக நினைக்கிறார்கள். அதுவும் உழைத்த கூலிதான், பிற்காலத்துக்குத் தள்ளி வைக்கப்பட்ட கூலி. பெர்கேசோவுக்குப் பிடிக்கும் சில வெள்ளியையும் பாருங்கள். வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் அதுதான் துணை. சீட்டில் பிடித்தம் இருந்தும் பணம் போய்ச் சேராத இடங்கள் உண்டு. கைப்பேசியில் இ.பி.எஃப். கணக்கைத் திறந்து மாதந்தோறும் ஒத்துப் பார்ப்பதை வீட்டில் ஒரு பிள்ளை தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

2. சேமநிதி 2024 மே மாதம் முதல் மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வரும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கும் போகிறது. முன் சொன்ன 408 வெள்ளியில் அந்த மூன்றாவது கணக்குக்குப் போவது 40 வெள்ளி 80 சென். எடுக்க முடியும் என்பதற்காக மாதா மாதம் எடுப்பவர்களைப் பார்க்கிறேன். அடுத்த குறிப்பைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

3. கூட்டு வட்டி. ஆண்டு முடிவில் 1,200 வெள்ளி, அதாவது மாதம் 100 வெள்ளி, ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 18 வயதில் தொடங்கி 58 வரை போட்டால் சேர்வது ஏறக்குறைய 1,44,960 வெள்ளி. அதையே 28 வயதில் தொடங்கினால் 79,727 வெள்ளி. முதல் ஆள் கூடுதலாகப் போட்டது 12,000 வெள்ளிதான். கிடைத்த வித்தியாசமோ 65,000 வெள்ளிக்கு மேல். மீதியைச் செய்தது காலம். மனக்கணக்குக்கு ஒரு வழி: 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தெரியும். 6 விழுக்காட்டில் 12 ஆண்டு. கடனுக்கும் இதே கணக்குதான். 18 விழுக்காட்டு வட்டியில் தொடாமல் விட்ட கடன் 4 ஆண்டில் இரட்டிப்பாகிவிடும்.

4. செம்பனை விலையைப் பின்தொடருங்கள். செய்தித்தாளிலும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தளத்திலும் ஒரு டன் கச்சா செம்பனை எண்ணெயின் விலை தினமும் வரும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்றது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா தன் செம்பனை எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தது. மார்ச் மாதத்திலேயே விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியிருந்தது. மே மாதத்தில் இந்தோனேசியா தடையை நீக்கியது. செப்டம்பருக்குள் விலை ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. அந்த ஆண்டில் இங்குள்ள மரங்கள் கூடவோ குறையவோ இல்லை, குலை வெட்டியவரும் அதே ஆள்தான். மாற்றுப் பொருள் கிடைக்காதபோது தேவை எப்படி இடம் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைப் பாடப் புத்தகம் தராது. ஒரு நோட்டில் மூன்று மாதத்துக்கு வாரம் ஒரு முறை விலையைக் குறித்து, அருகில் அந்த வாரத்தின் ஒரு செய்தியை எழுதுங்கள்.

ரப்பர் காலத்துக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1922இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் தன் காலனிகளின் ரப்பர் ஏற்றுமதியைக் குறைத்து விலையை ஏற்றியது. டச்சுக்காரர்கள் ஆண்ட பக்கத்துத் தீவுகள் அந்தக் கட்டுப்பாட்டில் சேரவில்லை. உயர்ந்த விலையைப் பார்த்து அங்கே மேலும் மேலும் நட்டார்கள். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் இங்கே கூலி வெட்டப்பட்டது, வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லாரும் சேராத கட்டுப்பாடு நிற்காது என்பதை எண்ணெய் நாடுகளின் கூட்டமைப்பைப் பற்றிப் படிக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

5. அரிசி விலையும் உச்சவரம்பும். உச்ச விலை விதித்தால் பற்றாக்குறை வரும் என்று ஆசிரியர் பலகையில் வரைவார். 2023இல் அது தஞ்சோங் காராங் வயல்களுக்குப் பக்கத்திலேயே நடந்தது. அந்த ஆண்டு ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உலக விலை ஏறியது. செப்டம்பர் 1ஆம் தேதி, அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. உள்ளூர் வெள்ளை அரிசிக்கோ கிலோ 2 வெள்ளி 60 சென் என்று அரசு உச்ச விலை வைத்திருந்தது. 10 கிலோப் பை 26 வெள்ளி. இறக்குமதி அரிசி சாப்பிட்டவர்களும் உள்ளூர் அரிசிக்குத் திரும்பினார்கள். அந்த விலையில் விற்க விரும்பியவர்கள் குறைந்தார்கள், வாங்க விரும்பியவர்கள் பெருகினார்கள். கடைத் தட்டில் உள்ளூர் அரிசி இல்லாமல் போனது. உள்ளூர் அரிசியை இறக்குமதிப் பையில் மாற்றிக் கட்டினால் லாபம் என்ற ஆசை சிலருக்கு வந்ததும் இந்த விலை இடைவெளியால்தான்.

இதைக் காட்டி, விலைக் கட்டுப்பாடே தப்பு என்று சிலர் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதக் கடைசியில் அரிசிப் பை வாங்கும் வீட்டுக்கு 26 வெள்ளி என்பது உயிர்நாடி. கேட்க வேண்டிய கேள்வி வேறு: குறைந்த விலையின் சுமையை யார் தாங்குகிறார்கள்? விவசாயி தாங்கினால் அவர் நடுவதைக் குறைப்பார். அரசு தாங்கினால் அது மானியம், வரிப்பணம். ஏழைக் குடும்பத்தின் கையில் நேரே பணமாகக் கொடுத்தால் கடையில் விலை ஏறும், ஆனால் பொருள் கிடைக்கும். மூன்று வழிக்கும் செலவு உண்டு. கட்டுரைத் தேர்வில் இந்த மூன்றையும் ஒப்பிட்டு எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

6. மானியத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு பெட்ரோல் நிலையத்தில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டி ரோன் 95 பெட்ரோலை லிட்டர் 1 வெள்ளி 99 சென்னுக்கு வாங்கும் திட்டம் நடப்புக்கு வந்தது. எல்லாருக்கும் ஒரே விலை என்பது பொது மானியம். ஆளைப் பார்த்துக் கொடுப்பது இலக்கு மானியம். நிலையத்தில் மானிய விலை, மானியமில்லாத விலை இரண்டையும் பார்த்து, வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாதம் எவ்வளவு மானியம் கிடைக்கிறது என்று கணக்கிடுங்கள். பெரிய கார் வைத்திருப்பவருக்கு எவ்வளவு என்றும் கணக்கிடுங்கள்.

7. உண்மைக் கூலி. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500 ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. 1,500லிருந்து 1,700 என்பது 13.3 விழுக்காட்டு உயர்வு. சம்பளம் ஏறியது என்று மகிழும் முன் சாமான் விலை எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். புள்ளியியல் துறை வெளியிடும் பணவீக்கம் நாடு முழுவதுக்குமான சராசரி. தோட்டத்து வீடு சம்பளத்தில் பெரும்பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவிடுகிறது. ஆகவே உணவு விலை ஏறினால் அந்தச் சராசரியைவிட நம் வீட்டுக்கு வலி அதிகம். வீட்டில் வழக்கமாக வாங்கும் 10 சாமான்களை எழுதுங்கள்: அரிசி, சமையல் எண்ணெய், முட்டை, கோழி, வெங்காயம், பருப்பு, மாவு, பால் டின், சவர்க்காரம், எரிவாயு. ஒவ்வொரு சம்பள நாளிலும் அதே கடையில் அதே அளவுக்கு விலை குறியுங்கள். 300 வெள்ளிக்கு வாங்கிய அதே கூடை 345 ஆனால் உயர்வு 15 விழுக்காடு. அப்போது 1,700 வெள்ளி, பழைய 1,500ஐவிடக் குறைவாகவே வாங்கும்.

8. கூலி தானாக ஏறுவதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் நடந்த வேலை நிறுத்தத்தைப் பற்றி உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கேளுங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பின்னர் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் போன்றவர்கள் முதலாளிகளோடு மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினார்கள். ஒரே முதலாளி, வீடும் அவருடையது, வெளியே வேறு வேலை இல்லை என்ற நிலையில் தனி ஆளுக்குப் பேரம் பேசும் வலு கிடையாது. பொருளியலில் இதற்கு ஒருவரே வாங்கும் சந்தை என்று பெயர். நம் தாத்தாமார்களுக்கு அது பெரட்டுக்களத்தில் தினமும் விடியற்காலையில் தெரிந்த உண்மை.

9. தொழில்நுட்பம் வேலையை மாற்றும். 1981க்கு முன் செம்பனைப் பூவுக்குப் பூந்தாது தூவும் வேலை தோட்டத்துப் பெண்கள் பலருக்கு வருமானம் தந்தது. அந்த ஆண்டு கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியே மகரந்தச் சேர்க்கையைச் செய்தது. விளைச்சல் கூடியது, செலவு குறைந்தது, அந்த வேலை மறைந்தது. நாட்டுக்கு லாபம் என்பது உண்மை. அந்தப் பெண்களுக்கு நஷ்டம் என்பதும் உண்மை. இன்று செயற்கை நுண்ணறிவு பற்றிய விவாதத்தில் பேச வேண்டிவந்தால் இதைச் சொல்லுங்கள்.

10. 555 நோட்டு. சம்பளம் வரும் வரை கடையில் எழுதி வாங்கும் அந்தச் சின்ன நோட்டைத் தெரியாத தோட்டம் இல்லை. அதற்கு வட்டி இல்லை என்று நினைக்க வேண்டாம். பட்டணத்துப் பேரங்காடி விலையையும் எழுதி வாங்கும் கடையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வித்தியாசத்தில் போக்குவரத்துச் செலவும் உண்டு, கடனுக்கான விலையும் உண்டு. பிள்ளைகள் செய்யக்கூடியது: நோட்டின் கூட்டலை மாதம் ஒரு முறை சரிபார்ப்பது.

11. வட்டியை ஒரே அளவுகோலில் பார்க்கப் பழகுங்கள். மாதக் கணக்கு, நாள் கணக்கு, நிலை வட்டி என்று எப்படிச் சொன்னாலும் ஆண்டு விழுக்காடாக மாற்றிவிடுங்கள்.

உரிமம் பெற்ற அடகுக் கடையில் சட்டப்படி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. 1,000 வெள்ளிக்கு நகை வைத்தால் மாதம் 20 வெள்ளி, 6 மாதத்தில் 120 வெள்ளி. ஆண்டுக்கு 24 விழுக்காடு. சீட்டின் கடைசி நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். நகை மூழ்குவது பெரும்பாலும் மறதியால்தான். உரிமம் பெற்ற வட்டிக்கடையில் ஈடு இருந்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடு இல்லாவிட்டால் 18 விழுக்காடு என்பது உச்சம். மாதம் 10 விழுக்காடு என்று ஒருவர் கேட்டால் அது ஆண்டுக்கு 120 விழுக்காடு. அவர் ஆலோங், உரிமம் இல்லாத வட்டிக்காரர். அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொள்பவரிடம் ஒரு நாளும் போக வேண்டாம்.

அடுத்து மோட்டார் சைக்கிள். ஐந்தாம் படிவம் முடிந்த கையோடு பையன்கள் கையெழுத்துப் போடும் முதல் கடன் இதுதான். 6,000 வெள்ளி, 8 விழுக்காட்டு நிலை வட்டி, 4 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,920, மொத்தம் 7,920, மாதத் தவணை 165 வெள்ளி. 8 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் மாதா மாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். கடைசி ஆண்டில் உங்கள் கையில் இருப்பது அந்த 6,000 வெள்ளியில் கொஞ்சம்தான், வட்டியோ முழு 6,000 வெள்ளிக்கும் போட்டது. உண்மையான விகிதம் ஏறக்குறைய 14 விழுக்காடு. கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன்? முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு குறையும்?

12. கூட்டு பிடிப்பது. 10 பேர் மாதம் 200 வெள்ளி போட்டு, மாதம் ஒருவர் 2,000 வெள்ளி எடுக்கும் வழக்கம் லயங்களில் நெடுங்காலம் இருந்தது. கணக்குப்படி பார்த்தால் முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார், ஆனால் வட்டி பெறுவதில்லை. இன்றைய பணமும் பத்து மாதம் கழித்து வரும் பணமும் சமமில்லை என்ற பாடம் இதில் முழுசாக இருக்கிறது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. பிடித்தவர் ஓடிப்போனால் போட்ட பணத்தை மீட்பது மிகக் கடினம். அம்மா கூட்டில் இருக்கிறார் என்றால் சண்டை போட வேண்டாம். அதே 200 வெள்ளியை வங்கியிலோ சேமநிதியிலோ போட்டால் என்ன வரும் என்று எழுதிக் காட்டுங்கள்.

13. பங்கும் கூட்டுறவும். நம் சமூகம் இந்தப் பாடத்துக்கு மிகப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1950களின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி கேட்டார். அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு மேலும் தோட்டங்கள் சேர்ந்தன. கூட்டுறவில் எவ்வளவு பணம் போட்டாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு.

1980களில் வேறொரு முயற்சி நடந்தது. ம.இ.கா.வின் முன்னெடுப்பில் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவப்பட்டு, 1984இல் ஏறக்குறைய 66,000 இந்தியர்களிடமிருந்து 106 மில்லியன் வெள்ளி திரட்டப்பட்டது. பங்கு ஒரு வெள்ளி. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் போட்டவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். நம்பிக்கையோடு போட்டார்கள், அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பங்குகள் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. அதனால் விற்க நினைத்தவருக்கு வாங்க ஆளில்லை. இறுதியில் 2010இல் ஒரு தனியார் நிறுவனம் ஒரு பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்க முன்வந்தது.

இப்போது கணக்கைப் போடுங்கள். 1984 முதல் 2010 வரை 26 ஆண்டு. சேமநிதி சட்டப்படி உறுதி தரும் மிகக் குறைந்த ஈவு 2.5 விழுக்காடு. அந்தக் குறைந்த விகிதத்திலேயே ஒரு வெள்ளி 26 ஆண்டில் 1 வெள்ளி 90 சென் ஆகியிருக்கும். சேமநிதி அந்த ஆண்டுகளில் அதைவிடக் கூடுதலாகவே கொடுத்தது. விட்டுக்கொடுத்த அடுத்த நல்ல வாய்ப்பு என்று பாடப் புத்தகம் சொல்லும் வாய்ப்புச் செலவு இதுதான்.

ஆகவே யார் எந்த மேடையிலிருந்து முதலீடு என்று சொன்னாலும், சமூகத்தின் பெயரால் சொன்னாலும், நான்கு கேள்வி கேளுங்கள். கணக்கறிக்கை ஆண்டுதோறும் வெளிவருமா? நினைத்தபோது விற்க முடியுமா, யாரிடம்? பணம் எந்தத் தொழிலில் போகிறது? கடன் வாங்கிப் போடச் சொல்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மற்ற மூன்றையும் கேட்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம்.

14. வங்கிச் சேமிப்புக்குப் பாதுகாப்பு உண்டு. உறுப்பு வங்கி ஒன்று முறிந்தாலும் பி.ஐ.டி.எம். நிறுவனம் ஓர் ஆளுக்கு ஒரு வங்கியில் 2,50,000 வெள்ளி வரை ஈடு தரும். பங்குக்கும் அமானா சஹாமுக்கும் இந்தக் காப்பு கிடையாது.

15. வங்கி அட்டையை யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காதீர்கள். ஏ.டி.எம். அட்டையும் இரகசிய எண்ணும் கொடுத்தால் சில நூறு வெள்ளி தருகிறேன் என்று மாணவர்களைத் தேடி வருகிறார்கள். ஏமாற்றிச் சேர்த்த பணத்தைக் கடத்த அந்தக் கணக்கைப் பயன்படுத்துவார்கள். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்குச் சொந்தக்காரர் வாசலில்தான். இதற்கென்றே 2024இல் தண்டனைச் சட்டத் தொகுப்பில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. நண்பனுக்காகச் செய்தேன் என்று சொல்வது உங்களைக் காப்பாற்றாது. வீட்டில் யாராவது மோசடியில் பணம் இழந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 997க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்க வேண்டும், அதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

16. எஸ்.பி.எம். முடிந்ததும் எடுக்கும் முடிவு உங்கள் வாழ்க்கையின் முதல் பெரிய முதலீடு. 1,700 வெள்ளிக்கு வேலைக்குப் போனால் ஆண்டுக்கு 20,400 வெள்ளி. மேற்படிப்புக்குப் போனால் கட்டணத்தோடு இந்த 20,400ஐயும் செலவாகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகும் படிப்பு லாபமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் லாபம்தான், ஆனால் எந்தப் படிப்பு, எங்கே என்பது முக்கியம். விளம்பரத்தைப் பார்த்துத் தனியார் கல்லூரியில் பெரிய கடனோடு சேர்ந்து, பாதியில் நின்ற பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. படிப்பு பாதியில் நிற்கும், கடன் நிற்காது. ஆறாம் படிவமும் மெட்ரிகுலேஷனும் பாலிடெக்னிக்கும் செலவு குறைந்த வழிகள், முதலில் அவற்றுக்கு விண்ணப்பியுங்கள். 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் கட்டணம், மலிவான கடன்தான். என்றாலும் கட்டாமல் விட்டால் வங்கிகள் பார்க்கும் கடன் பதிவில் அது நிற்கும், பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது தெரியும்.

17. கம்போங் குவாந்தானில் ஒரு மாலை. கோல சிலாங்கூர்ப் பக்கம் போனால் மின்மினி பார்க்கப் படகில் ஏறுங்கள். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் அவை கூடி மின்னுகின்றன. படகோட்டிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் அதனால் வருமானம். ஆற்றங்கரை மரத்தை வெட்டிப் பயிர் நடுபவருக்கு அவருடைய விளைச்சல் கணக்கில் வரும், மின்மினி போவது கணக்கில் வராது. இப்படி மூன்றாம் ஆள் தலையில் விழும் செலவைப் புறவிளைவு என்கிறார்கள். சந்தை விலையில் அது இல்லாததால்தான் அரசு கரையோரத்தைக் காக்கச் சட்டம் போட வேண்டியிருக்கிறது.

18. தோட்டம் விற்கப்பட்டால் என்ன கிடைக்கும் என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டின் பணிநீக்க உதவித்தொகை விதிப்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். நாள் கூலி 55 வெள்ளி, 25 ஆண்டு வேலை என்றால் 55 × 20 × 25 = 27,500 வெள்ளி. இது குறைந்தபட்சம், சங்கத்தின் ஒப்பந்தத்தில் கூடுதலாக இருந்தால் அதையே கேட்க வேண்டும். ஆனால் வீடு இந்தக் கணக்கில் இல்லை. வாழ்நாள் முழுதும் தோட்டத்து வீட்டில் வாடகையின்றி இருந்தவர் கையில், ஓய்வு பெறும் நாளில் சொத்தென்று எதுவும் இருப்பதில்லை. நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மேரி, மின்யாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பதை உலு சிலாங்கூரில் வளரும் ஒவ்வொரு பிள்ளையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வருமானம் வேறு, சொத்து வேறு என்பதை அந்தப் பெரியவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. வேலைக்குப் போகும் அண்ணன், அக்காவிடம் மலிவு விலை வீட்டுக்கு மாநில அரசிடம் பதிந்தாயிற்றா என்று கேளுங்கள்.

19. கடன் தலைக்கு மேல் போய்விட்ட வீட்டில் பிள்ளைகளுக்கும் தூக்கம் வராது. ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது. எல்லாக் கடனையும் எழுதிக்கொண்டு போனால், வங்கிகளோடு பேசி மாதத் தவணையைக் கட்டக்கூடிய அளவுக்கு மாற்றித் தர முயல்கிறார்கள். போகும் முன் வீட்டில் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: யாருக்கு, மீதி எவ்வளவு, ஆண்டு வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு. வட்டி கூடியதை மேலே எழுதுங்கள், கையில் மிஞ்சும் பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும். ஏ.கே.பி.கே. ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் கடனை அடைத்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்டு ஒருவர் அழைத்தால் அவர் அங்கிருந்து பேசவில்லை, தொலைபேசியை வைத்துவிடுங்கள்.